பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்கள், கொடுத்தும் இருப்பார்கள். வெளியூர் கிளம்பும் நாளில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுப்பா, இல்லன்னா எஞ்சின் புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கார் என்றால் பேட்டரிக்குக் கொஞ்சம் லாபம், எஞ்சினுக்குப் பெரிய நஷ்டம் கிடையாது. சின்ன விமானம் என்று வந்ததும் அதே வாக்கியம் அப்படியே அங்கேயும் போய் ஒட்டிக்கொள்கிறது. வாட்ச்மேன் சொல்கிறார், கார் மெக்கானிக் சொல்கிறார், சமயத்தில் பைலட் லைசென்ஸ் உள்ளவரே சொல்கிறார். கேட்க அக்கறையான பேச்சாக இருப்பதால் யாரும் மறுப்பதில்லை. நாலு சீட் செஸ்னா ஒன்றைப் புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுபாதைப் பக்கம் நிறுத்திவைத்து, வாரா வாரம் தரையிலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள். தொடாமல் விட்டிருந்தால் கெடுவதைவிட வேகமாக அந்த எஞ்சின் கெடும்.

விமானம் வாங்க ஆசைப்படுபவர்கள் கேட்கிற கேள்விகளும் கார் கேள்விகளாகவே இருக்கின்றன. என்ன விலை, எவ்வளவு குடிக்கும், எவ்வளவு ஓடியிருக்கிறது? மூன்றாவது கேள்விதான் ஆளைக் கவிழ்ப்பது. கார் குறைவாக ஓடியிருந்தால் நல்ல கார். 1979இல் செய்த செஸ்னா 172 ஒன்று இதுவரை 1,800 மணி நேரம்தான் பறந்திருக்கிறது என்று விளம்பரம் வந்தால் ஓடிப்போய் முன்பணம் கொடுக்கக் கூடாது. வருஷத்துக்கு 40 மணி நேரம் என்று அதற்குக் கணக்கு. அதுவும் சீராகப் பறந்திருக்காது. ஒரு வருஷம் 90, அடுத்த இரண்டு வருஷம் பூஜ்யம் என்றுதான் இருக்கும். அந்த பூஜ்ய வருஷங்களில் அது எங்கே நின்றது என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். அதில் இருக்கும் லைகமிங் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க, அதைச் செய்த லைகமிங் கம்பெனி சொல்லும் கெடு பொதுவாக 2,000 மணி நேரம், அல்லது 12 வருஷம். பன்னிரண்டு வருஷத்தை விட்டுவிட்டு இரண்டாயிரத்தை மட்டும் சொல்லி விற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

<b>மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட்</b>

172இல் 1967 வரை கான்டினென்டல் எஞ்சின், 1968 மாடலிலிருந்து லைகமிங். இரண்டும் படுக்கை சிலிண்டர், காற்றில் குளிர்பவை. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். உள்ளே ஒரு வித்தியாசம் உண்டு, உப்புக்காற்றில் அது பெரிய வித்தியாசம். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட், கான்டினென்டலில் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்குக் கீழே இருக்கிறது. லைகமிங்கில் மேலே. ஓடும்போது சிதறுகிற ஆயிலும் ஆவியும்தான் அதற்கு உயவு. எஞ்சின் நின்றதும் மேலே ஒட்டிய ஆயில் சொட்டிச் சொட்டிக் கீழே தொட்டிக்கு இறங்கிவிடும். சில நாளில் கேமின் துருத்திய மூக்கிலும், அதன் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் முகத்திலும் மெல்லிய படலம் மட்டும் மிச்சம். அப்புறம் ராத்திரி ஈரம் எஞ்சினின் கூடான கிராங்க்கேஸுக்குள் நுழைந்து அந்த இரும்பில் உட்காரும். பிரீத்தர் குழாய் எப்போதும் திறந்தே இருப்பதால் வெளிக்காற்று உள்ளே போய்வரத் தடையே கிடையாது. ஈரப்பதம் அதிகமான இடங்களில் புது எஞ்சினின் சிலிண்டர் சுவரில் இரண்டே நாளில் துரு பார்த்ததாக லைகமிங்கே எழுதியிருக்கிறது. ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடிய சிலிண்டரில் ஒரு பழுப்பு வார்னிஷ் படிந்து கொஞ்சம் காப்பாற்றும். கேமுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

துரு பிடிப்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துருப்பொடி உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. டேப்பெட் முகத்தின் கடினப்படுத்திய மேல்தோலில் ஊசிமுனைக் குழி விழும். குழியின் ஓரம் உடைந்து பக்கத்துக் குழியோடு சேரும். கொஞ்ச நாளில் முகம் செதில் செதிலாக உரிந்து, கேமின் மூக்கைத் தேய்க்க ஆரம்பிக்கும். மூக்கு தேய்ந்தால் வால்வு முழுசாகத் திறக்காது, சக்தி குறையும். இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் பைலட்டுக்கும் தெரியாது. "வெயில் அதிகம், அதான் ஏறமாட்டேங்குது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் பறப்பார். 1977 முதல் 1980 வரை வந்த 172இல் இருக்கும் ஓ-320-எச்2ஏடி எஞ்சின் இந்த நோய்க்கே பேர்போனது. ஆயிலில் எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானத்தை ஒவ்வொரு முறையும் ஊற்றியே ஆக வேண்டும் என்று அதற்குக் கட்டாய உத்தரவு உண்டு. பழைய விமானம் தேடுபவர்கள் எஞ்சின் தகட்டில் அந்த எழுத்துகளைப் பார்த்தால் விலையில் கறாராக இருக்கலாம்.

<b>அந்தப் பத்து நிமிஷத்தில் உள்ளே நடப்பது</b>

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கும். கேட்டவுடன் நம்ப முடியாது, கணக்கு எளிது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ எரிபொருளுக்கு சுமார் 1.4 கிலோ தண்ணீர். விமான பெட்ரோல் ஒரு லிட்டர் 0.72 கிலோ எடை. பெருக்கிப் பார்த்தால் ஒரு லிட்டர் வருகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஒரு பங்கு எப்போதும் கிராங்க்கேஸுக்குள் கசியும், புது எஞ்சினிலும் கசியும். ஐடிலில் பத்து நிமிஷம் ஓடினாலே ஒரு லிட்டர் போல எரிந்துவிடும். அந்த ஆவியில் உள்ளே நுழைந்த பங்கு, இன்னும் சூடேறாத இரும்பில் பட்டு வியர்த்துத் தண்ணீராகி ஆயிலோடு கலக்கிறது. சோற்றுப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமே, அதே காட்சி.

தண்ணீர் தனியாகவும் வருவதில்லை. விமான பெட்ரோலில் இன்னமும் ஈயம் இருக்கிறது, லிட்டருக்கு 0.56 கிராம் வரை. ஈயம் பிளக்கில் படியாமல் வெளியேற புரோமின் சேர்மம் ஒன்றையும் கலந்திருப்பார்கள். இவையெல்லாம் எரிந்த கழிவு அந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். நாற்பது, ஐம்பது டிகிரி ஆயிலில் இது எங்கேயும் போகாது. வெளியேற வேண்டுமானால் ஆயில் சூடு 74 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் ஏறி, அங்கேயே ஒரு மணி நேரம் போல நிற்க வேண்டும். தரையில் அது நடக்காது. சிலிண்டர் தலை ஒரு பக்கம் கொதிக்க ஆரம்பித்திருக்கும், காரணம் விமானத்துக்கு ரேடியேட்டர் ஃபேன் கிடையாது, பறக்கும்போது முகத்தில் அடிக்கும் காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. ஆயில் இன்னொரு பக்கம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஐடிலில் ஓடும் நேரத்தில் கலவையில் பெட்ரோல் தூக்கலாக இருப்பதால் கீழ் பிளக்குகளில் ஈயம் சின்னச் சின்ன உருண்டையாகக் கட்டும், வெளியேற்று வால்வின் தண்டில் கரி ஏறும். ஆக வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் என்பது, துருப்பிடிக்கும் இரும்பின் மேல் வாரம் ஒருமுறை அமிலத் தண்ணீர் தெளிப்பது.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது: ஸ்டார்ட் பண்ண வேண்டாம், ப்ரொப்பெல்லரைக் கையால் நாலு சுத்து சுத்திவிடு, ஆயில் பரவும். பரவாது. கையால் சுற்றினால் ஆயில் பம்ப் எதையும் மேலே ஏற்றாது. ரிங்குகள் சிலிண்டர் சுவரில் மிச்சமிருந்த படலத்தை வழித்துக்கொண்டு போகும். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் கேமில் மிச்சமிருந்ததையும் துடைத்துவிடும். பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், சாவி அணைந்திருக்கும்போதே எஞ்சின் ஒரு தரம் வெடித்துக் கிளம்பும். கை போகும்.

<b>பறத்தல், அல்லது மூடி வைத்தல்</b>

அப்படியானால் இரண்டே வழி. முதல் வழி, பறப்பது. கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் மாதம் ஒரு தடவை போதுமென்று விட்டுவிடலாம், இங்கே இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. பறப்பென்றால் ஒரு சுற்று சுற்றி இறங்குவது கிடையாது, ஒரு மணி நேரம். புதுச்சேரியிலிருந்து அதற்குத் தோதான பாதை தெற்கே கிடக்கிறது. கிளம்பி 3,000 அடிக்கு ஏறி, கடற்கரையை இடப்பக்கம் ஒரு பார்வைக்கு வைத்துக்கொண்டு கொஞ்சம் உள்வாங்கிப் போனால் தென்பெண்ணை முகத்துவாரம், கெடிலம், தேவனாம்பட்டினம், கடலூர் பழைய நகரத் துறைமுகம், சிப்காட் புகைபோக்கிகள், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, அப்புறம் பிச்சாவரத்தின் பச்சை. போகவர நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டரில், நாற்பது நிமிஷம், ஏற்ற இறக்கம் சேர்த்து ஒரு மணி நேரம். எரிபொருள் முப்பது லிட்டர். வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் ஃப்ளைட் பிளானும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். மீன்பிடி வலையைப் பார்க்கிறேன் என்று 200 அடியில் அலைமேல் போவது இந்த ஊர்க்காரர்களுக்கு வருகிற ஆசை. அலை உடையும் இடத்தில் காற்றில் உப்புத்தூள் மிதக்கும். துருவைக் குறைக்கக் கிளம்பிவிட்டு எஞ்சினுக்கு உப்பை ஊட்டிக்கொண்டு வருவதில் என்ன பிரயோசனம்?

நேரமும் பார்க்க வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பும். ஓடுபாதை 07, 25 என்று கிழமேற்காகக் கொஞ்சம் சாய்ந்து கிடப்பதால் அது பக்கவாட்டில் அடிக்கும். 172க்கு நிரூபித்துக் காட்டிய பக்கக்காற்று 15 நாட்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில், கடல்மட்டத்தில் நிற்கும் விமானம் தான் 3,500 அடி மலைமேல் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். 1,500 மீட்டர் ஓடுபாதை 172க்கு ஏராளம், தரைவிடுவதில் பயமில்லை, ஏறுவதில்தான் சோம்பல். காலை ஏழு மணிக்கு இரண்டு பிரச்சினையும் இருக்காது.

இரண்டாவது வழி, பறக்க முடியாது என்று தெரிந்தால் முறையாக மூடி வைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மேகம் விலகாத ஊரில் இது தோல்வி கிடையாது, வேலை. பழைய ஆயிலை எடுத்துவிட்டு, மூன்று பங்கு மினரல் ஆயிலுக்கு ஒரு பங்கு துருத்தடுப்புச் செறிவு கலந்ததை ஊற்றி, ஒரு தடவை நன்றாகப் பறந்து சூடேற்றி இறங்க வேண்டும். இறங்கியதும் மேல் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனும் கீழ்க்கோடியில் இருக்கும்போது சிலிண்டருக்குள் 60 மில்லி காப்பு ஆயிலைப் புகைபோலத் தெளிக்க வேண்டும். எல்லா சிலிண்டரும் முடிந்தபின் மறுபடி ஒரு தெளிப்பு, இந்த முறை கிராங்கைத் திருப்பவே கூடாது. பிளக் துளைகளில் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடி பிளக்குகள். காற்று நுழையும் வாய், சைலன்சர், பிரீத்தர் எல்லாவற்றுக்கும் மூடி, ஒவ்வொரு மூடியிலும் தொங்கும் சிவப்புத் துணி. ப்ரொப்பெல்லரில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை: திருப்பாதே. சிவப்புத் துணியை மறந்து ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. அட்டையைப் படித்த பின்பும் திருப்பிப் பார்த்தவர்களும் உண்டு. திரும்பப் பறக்கும் நாளில் கீழ் பிளக்குகளையும் கழற்றி, வயர்களை விலக்கி, கையால் மெல்லத் திருப்பித் தேங்கிய ஆயிலை வெளியேற்றாமல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். திரவம் அமுங்காது.

<b>ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது</b>

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறதென்று பிரிக்காமல் தெரிந்துகொள்ள ஒரே நேர்மையான சாட்சி ஆயில் ஃபில்டர். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, பறந்தாலும் பறக்காவிட்டாலும் நாலு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். ஃபில்டர் இல்லாமல் வலை மட்டும் இருக்கும் பழைய எஞ்சினுக்கு 25 மணி நேரம். கழற்றிய ஃபில்டரை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, ரம்பத்தின் இரும்புத் தூளே உள்ளே விழுந்து பொய்ச்சாட்சி சொல்லும். டப்பா திறப்பது போல் சுற்றிவரும் கட்டர் தனியாக உண்டு. உள்ளே விசிறி மடிப்பாக இருக்கும் காகிதத்தை இரண்டு முனையிலும் கத்தியால் அறுத்து உருவி, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெள்ளைத் துணியில் முழு நீளத்துக்கும் விரித்து, வெயிலில் பிடிக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் போதாது. மடிப்பு மடிப்பாகச் சாய்த்துப் பார்க்கும்போது மீன் செதில் மாதிரி ஏதாவது மினுங்கினால், காகிதத்தைச் சுத்தமான பெட்ரோலில் அலசி, காபி வடிகட்டும் காகிதத்தில் அதை வடித்து, காந்தத்தை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு மேலே ஓட்ட வேண்டும். உறையை உதறினால் ஒட்டிய இரும்பு மொத்தமும் தனியாக விழும்.

காந்தத்தில் ஒட்டாத மென்மையான வெள்ளைத் துணுக்கு அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன் பின்னின் ஓர அடைப்பு. செம்மஞ்சளாக இருந்தால் புஷ், அதாவது தண்டு உராயும் இடத்து வளையம். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய தட்டைச் செதில்தான் பயப்பட வேண்டியது, டேப்பெட் முகம் உரிவது அப்படித்தான் வந்து சேரும். கரிய துகள் கொஞ்சம் இருப்பது சகஜம், அது கரி, விரலால் நசுக்கினால் பொடியாகும். ஒன்றிரண்டு சின்னத் துணுக்கு என்றால் குறித்துவைத்து அடுத்த ஃபில்டரைச் சீக்கிரம் வெட்டலாம். அரைத் தேக்கரண்டி உலோகம் வந்தால் அந்த விமானம் அன்றோடு தரையில், எங்கிருந்து வந்ததென்று கண்டுபிடிக்கும்வரை. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டுமென்று லைகமிங் அறிக்கை படிப்படியாகச் சொல்கிறது. வெட்டிய காகிதத்தை எறியாமல் தேதியும் மணிக்கணக்கும் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கும் உரிமையாளரிடம் விமானம் வாங்குவது நல்லது. வாங்கப்போகும் இடத்தில் "ஃபில்டரை வெட்டிப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். முகம் போகிற போக்கிலேயே பாதி பதில் கிடைத்துவிடும். புது ஃபில்டர் போடும்போது ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவி, 16 முதல் 18 அடி-பவுண்டு முறுக்கு, அப்புறம் சேஃப்டி வயர். கை முறுக்கு போதும் என்பவரிடம் விமானத்தைக் கொடுக்காதீர்கள்.

<b>முதல் செலவு மூடிக்கு</b>

மேம்படுத்துவது என்றதும் எல்லோர் கண்ணும் டிஜிட்டல் திரைக்குப் போகிறது. கார்மின் ஜி5 இரண்டு, புது ஜிபிஎஸ், ஆட்டோபைலட். எல்லாம் அருமையான பொருட்கள், மறுக்கவில்லை. பழைய முள் கருவிகளை ஓட்டும் வேக்குவம் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிற சாதனம், அதைத் தூக்கிப்போடுவது புத்திசாலித்தனம். வரிசைதான் தப்பு. புதுச்சேரியில் நிற்கும் பழைய செஸ்னாவுக்கு முதல் மேம்பாடு பெட்ரோல் தொட்டி மூடி. பழைய மாடல்களில் மூடி இறக்கையின் மேற்பரப்போடு சமமாக, ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். மழை பெய்தால் அந்தப் பள்ளம் கிண்ணம். உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் கிண்ணத்துத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள். குடை மாதிரி கவிழ்ந்து மூடும் வகை வந்து பல வருஷமாகிறது, திரை வாங்கும் காசில் தூசு. இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் தனித்தனியாகக் காட்டிப் பதிவும் செய்யும் எஞ்சின் மானிட்டர். மூன்றாவது, தோள்பட்டை பெல்ட் இல்லாத பழைய சீட்டுக்கு அது. சீட் தண்டவாளத்தையும் கையோடு பார்த்துவிடலாம், துளை நீண்டு பூட்டுமுள் பிடிக்காமல் போனால் தரைவிடும் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கும், பைலட் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார், மூக்கு வானத்தைப் பார்க்கும். இதற்கெல்லாம் பிறகு திரை. எதை மாற்றினாலும் அந்த மாடலுக்கு அங்கீகரித்த வரைபடமும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் ஏற்பும் லைசென்ஸ் உள்ள பொறியாளரின் கையெழுத்தும் வேண்டும், எடைக் கணக்கையும் திருத்த வேண்டும். இல்லையென்றால் வருடாந்திரத் தகுதிச் சான்று புதுப்பிக்க வரும்போது கழற்றச் சொல்வார்கள்.

தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் அடியில் தங்கும், பெட்ரோல் மேலே மிதக்கும். அதற்காகத்தான் கிளம்புமுன் அடி வடிகால்களிலிருந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்பது. இப்போதைய 172களில் பதின்மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும், பழையதில் குறைவு. பலரும் தவறுவது இங்கே: தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று தேடுவார்கள், கோடு இல்லையென்றால் சுத்தம் என்று கிளம்பிவிடுவார்கள். குப்பி முழுக்கவே தண்ணீராக இருந்தாலும் கோடு இருக்காது. வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விமான பெட்ரோல் நீலம். பெரிய மழைக்குப் பிறகு வாலை அழுத்தி இறக்கி, இறக்கைகளை ஆட்டிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பிடித்தால் தொட்டியின் மூலைத் தடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததும் வரும்.

பெட்ரோல் பங்கில் வாங்கி ஊற்றலாமே என்பவர்களுக்கு: இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சாதாரணப் பெட்ரோலுக்கு அனுமதி பெற்ற பழைய லைகமிங்குகளுக்கும் எத்தனால் ஆகாது, ரோட்டக்ஸ் 912 போன்ற இலகு விமான எஞ்சின்கள் பத்து சதவீதம்வரைதான் தாங்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இந்த ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். விமான பெட்ரோலை 2022 வரை வெளிநாட்டிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்க ஆரம்பித்தது. சின்ன நிலையங்களுக்கு இன்னமும் பீப்பாய்தான். 200 லிட்டர் பீப்பாயை நிமிர்த்தி வைத்தால் மேல் விளிம்புக்குள் மழைநீர் தேங்கி, பகலில் சூட்டில் விரிந்து ராத்திரி குளிரில் சுருங்கும்போது அடைப்பான் வழியாக உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். படுக்க வைத்து, இரண்டு அடைப்பான்களும் கடிகாரத்தின் மூன்று, ஒன்பது மணி இடத்தில் இருக்கும்படி உருட்டி நிறுத்த வேண்டும். உள்ளே பெட்ரோல் அடைப்பானை நனைத்துக்கொண்டிருந்தால் காற்று நுழையாது.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையோரத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதில் கழுவினால் கழுவாமலே விடலாம். பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடு கிளம்பினால் அது இழைத்துரு, அந்த இடத்தைச் சுரண்டி, துருவை முழுக்க எடுத்து, பிரைமர் அடித்தால்தான் நிற்கும், மேல்பூச்சு மறைக்க மட்டுமே உதவும். செஸ்னாவின் முதுமைக்கால ஆய்வுக் கையேட்டில் உலகத்தையே துரு வீரியப்படி பிரித்த வரைபடங்கள் இருக்கின்றன, கடலோரமென்றால் ஆய்வு இடைவெளி குறையும். இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் ஊடுருவும் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்தால் சில மாதம் ரிவெட் ஓரங்களில் எல்லாம் கசிந்து விமானம் அழுக்காகத் தெரியும். தெரியட்டும். வேகம் காட்டும் கருவிக்குக் காற்றை வாங்கிக் கொடுக்கும் பிட்டாட் குழாய்க்கு உறை போடாமல் இரண்டு நாள்கூட விடக்கூடாது, குளவி மண் வைத்து அடைத்துவிடும். 1996இல் டொமினிகன் குடியரசுக் கரையில் 189 பேரோடு கடலில் விழுந்த பிர்கன்ஏர் போயிங் 757க்கு அந்தக் குழாயின் அடைப்புதான் ஆரம்பம், குளவிக்கூடாக இருக்கலாம் என்றார்கள் விசாரித்தவர்கள்.

<b>புயல் வரும்போது</b>

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் அடித்தது. அது 76 நாட். 172 முழு எடையோடு காற்றில் நிற்க 53 நாட் போதும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் 76 நாட் காற்று சரியான கோணத்தில் பட்டால் இறக்கை அந்த எடையைப்போல் இரண்டு மடங்கைத் தூக்கும், இரண்டு டன்னுக்கு மேல். உள்ளே யாரும் இல்லாத விமானத்தின் எடை 650 கிலோ. கட்டிய கயிறுதான் மிச்சத்தைப் பிடிக்க வேண்டும். செஸ்னா கையேடு கேட்பது 700 பவுண்டு தாங்கும் கயிறு, அது சாதாரணக் காற்றுக்கு. தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் சுருங்கி வளையத்தையே இழுக்கும். நைலானில், இறுகாத முடிச்சில், ஒரு அங்குலத் தளர்ச்சியோடு கட்ட வேண்டும். முடிச்சு தெரியாவிட்டால் தேவனாம்பட்டினத்து மீனவர் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்து என்பார்கள். எந்தக் காற்றுக்கு? புயல் கிழக்கே இருக்கும்போது வாடை அடிக்கும். கண் நமக்குத் தெற்கே கரையேறினால் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். வடக்கே ஏறினால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. தானே கரையேறிய அன்று புதுச்சேரியில் நின்றிருந்தால் முதல் கணக்கு, கடலூரில் நின்றிருந்தால் இரண்டாவது. இருபது கிலோமீட்டர் வித்தியாசத்தில் விமானத்தின் வால் காற்றைப் பார்க்கும். வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை 48 மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது, வானம் இன்னும் திறந்திருக்கும்போது திருச்சிக்கோ சேலத்துக்கோ கொண்டுபோய் விடுவதுதான் கட்டுவது எல்லாவற்றையும்விட மேல். போகிற வழியில் எஞ்சினும் ஒரு மணி நேரம் சூடாகிக்கொள்ளும்.

ஊரில் இல்லாத நாட்களுக்குச் சாவியைத் தம்பியிடம் கொடுக்கத் தேவையில்லை. மூடி வைத்த விமானத்துக்கு அவரிடம் கேட்க வேண்டிய வேலை மூன்றுதான். கயிறு இறுகியிருக்கிறதா, உறைகள் இருந்த இடத்தில் இருக்கின்றனவா, மேலே இருக்கும் நாலு கண்ணாடி பிளக்கும் என்ன நிறம் என்று வாரம் ஒரு தடவை ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். நீலமாக இருந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. ரோஸாக மாறியிருந்தால் புது சிலிக்கா ஜெல்லோடு ஆள் போக வேண்டும், பழையதை ஓவனில் வைத்து வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனில் வேண்டாம்.